உப்பும் திமிங்கிலமும்

நம் வீட்டு ரசத்தில் இடும் உப்பு மரக்காணத்து வெயிலில் விளைந்தது. அதே ரசத்தில் சேரும் தக்காளியையும் மிளகாயையும் பயிராக்கி உலகுக்கு அளித்த நாடு எது தெரியுமா? கடல்களுக்கு அப்பாலுள்ள மெக்சிகோ! அந்நாட்டிலும் நம் ஊரைப் போன்றதோர் உப்பளக் கரை உண்டு. அதன் கதையைச் சிறிது காண்போம்.

மெக்சிகோவில் ஓங்கியிருந்த ஆஸ்டெக் பேரரசை 1521-ஆம் ஆண்டில் ஸ்பானியர் வென்றனர். முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1821-இல் அந்நாடு விடுதலை பெற்றது. ஸ்பானிய மொழி அங்கே நிலைத்துவிட்டது. ஆயினும் பழங்குடி மக்களின் மொழிகள் மறையவில்லை. 'டொமேட்டோ' என்ற சொல்லே அவர்களுடைய நவாட்டில் மொழியிலிருந்து பிறந்ததுதான்.

அந்நாட்டின் மேற்குக் கரையில் கெர்ரேரோ நெக்ரோ என்னும் ஊர் உள்ளது. 1858-இல் திமிங்கில வேட்டைக்கு வந்து அங்கே மூழ்கிய கப்பலின் பெயரே ஊருக்கும் வாய்த்தது. மழை அரிது; வெயிலும் காற்றும் மிகுதி. கடல்நீரைப் பாத்திகளில் தேக்கிக் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். முறை நம்முடையதே. ஆனால் இங்கே ஆண்களும் பெண்களும் உப்புநீரில் நின்று பலகையால் வாரும் உப்பை, அங்கே பெரும் இயந்திரங்கள் அள்ளுகின்றன. உலகின் மிகப் பெரிய உப்பளங்களுள் அதுவும் ஒன்று.

அவ்வூரை அடுத்த காயலுக்குக் குளிர்காலந்தோறும் சாம்பல் திமிங்கிலங்கள் வருகின்றன. வடதுருவக் கடலிலிருந்து சுமார் 8,000 கிலோமீட்டர் நீந்தி வந்து, அமைதியான அந்நீரில் குட்டி ஈனுகின்றன. வேட்டையால் அருகிப்போன அவ்வினம், காக்கப்பட்டதால் மீண்டும் பெருகிற்று. 1990-களில், சற்றுத் தெற்கே, திமிங்கிலங்கள் வரும் சான் இக்னாசியோ காயலை ஒட்டி மற்றுமொரு பெரிய உப்பளம் அமைக்கத் திட்டம் எழுந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் குடியரசுத் தலைவர் செடில்லோ அத்திட்டத்தைக் கைவிட்டார். பழைய உப்பளம் தொடர்ந்தது. சான் இக்னாசியோ திமிங்கிலங்களுக்கே விடப்பட்டது.

இக்கதை நமக்கு அயலானதன்று. மரக்காணத்தை அடுத்துள்ள கழுவெளி ஏரிக்குப் பூநாரைகளும் பிற பறவைகளும் தொலைவிலிருந்து வருகின்றன. அது 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. அருகிலேயே உப்பளத் தொழிலாளர் உழைக்கின்றனர். மழை வந்துவிட்டால் அவர்களுக்கு வேலை இல்லை.

உழைப்பவரின் அடுப்பும் எரிய வேண்டும். விருந்தாய் வரும் பறவைக்கும் நீர் வேண்டும். இரண்டையும் காப்பது கடினமே. ஆயினும் இயலும் என்பதை மெக்சிகோ காட்டியுள்ளது. அடுத்த முறை உப்பைக் கையில் எடுக்கும்போது, தோழியரே, இதனைச் சற்றே நினைப்போமா?