வெயிலில் வேகும் ஏதென்ஸ்... 1,900 வருஷப் பழைய கால்வாய் கைகொடுக்குமா?

2023 ஜூலையில் ஏதென்ஸ் போன டூரிஸ்ட்டுகள் பலருக்கு அக்ரோபோலிஸ் வாசலில் ஏமாற்றம். அனல் தாங்காமல் மதிய நேரத்தில் அந்த இடத்தையே மூடிட்டாங்க. வந்தவங்க ஹோட்டல் ஏசிக்குத் திரும்பிடலாம். ஊர்க்காரங்க என்ன செய்வாங்க?

ஏதென்ஸ் போட்டோவை ஜூம் பண்ணிப் பாருங்க, ஒரே கான்கிரீட்! 1950-களுக்கு அப்புறம் கிராமங்கள்ல இருந்து வந்த கூட்டத்துக்கு வீடு தேவைப்பட்டது. மனைக்காரர் இடத்தைக் கொடுப்பார். பில்டர் அடுக்குமாடி கட்டி, அவருக்குச் சில ஃபிளாட்களைத் தருவார். நம்ம ஊர் 'ஜாயின்ட் வென்ச்சர்' மாதிரியேதான். ஏகப்பட்ட பேருக்கு வீடு கிடைச்சது. தோட்டமும் மரமும் போச்சு.

அந்தக் கட்டடங்களுக்குள்ளேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. காற்றும் பால்கனியும் உள்ள மேல்மாடிகளில் வசதியானவங்க. தரைத்தளத்திலும் அதுக்கும் கீழே உள்ள இருட்டு அறைகளிலும் ஏழைகள், பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரங்க. பகலில் குடிச்ச சூட்டை கான்கிரீட் ராத்திரி முழுக்கக் கக்கும். மத்தவங்க ஏசி தள்ளுற அனலும் தெருவுக்குத்தான் வருது. 2010-ல் தொடங்கின பொருளாதார நெருக்கடியில் கரன்ட் பில் கட்டவே திண்டாடின குடும்பங்கள், ஏசிக்கு எங்கே போவாங்க?

2021-ல் ஐரோப்பாவின் முதல் 'தலைமை வெப்ப அதிகாரி'யா எலெனி மிரிவிலியை நியமிச்சது ஏதென்ஸ். பக்கத்துல குளுமையான இடம் எங்கே இருக்குன்னு காட்டுற 'எக்ஸ்ட்ரீமா' ஆப் வந்தது. அனல் ரொம்ப ஏறினா, கட்டட வேலையையும் உணவு டெலிவரியையும் மதியத்தில் நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போடுது. எல்லாம் சரி, ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிக்கு ஆப் எதுக்கு? அவங்க தெருவுக்குத் தேவை மரம். மரத்துக்குத் தேவை தண்ணி.

அந்தத் தண்ணி ஊருக்கு அடியிலேயே ஓடிட்டிருக்கு. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் தொடங்கி கி.பி. 140-ல் முடிஞ்ச சுரங்கக் கால்வாய், சுமார் 20 கி.மீ. நீளம். பம்ப் கிடையாது, லேசான சரிவுதான் தண்ணியை இழுத்துட்டு வருது. 20-ம் நூற்றாண்டில் மாரத்தான் அணை வந்ததும் இதை மறந்துட்டாங்க. ஆனா, ஊற்று நிற்கலை. வர்ற தண்ணி சும்மா கடலுக்குப் போகுது.

குடிக்க ஆகாது, செடிக்குத் தாராளமா ஆகும். இந்தத் தண்ணியைக் குழாய் போட்டுப் பூங்காக்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் கொண்டுபோகிற வேலையை ஹலாந்திரிங்கிற புறநகர் ஆரம்பிச்சிருக்கு. ஆனா ஹலாந்திரியில் ஏற்கெனவே ஓரளவு தோட்டம் இருக்கு. ஒரு மரம் வைக்கக்கூட இடம் தேட வேண்டிய கிப்செலி மாதிரி நெரிசல் ஏரியாக்களில், முதல்ல பார்க்கிங் இடத்தை யாராவது விட்டுக்கொடுக்கணும்!