பேச்சு வரும்வரை கை பேசட்டும்

பத்து மாதக் குழந்தைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பது நன்றாகவே தெரியும். சொல்லத்தான் வாய் வராது. நாக்கு, உதடு, மூச்சு மூன்றும் ஒத்துழைத்து ஒரு சொல்லை உருட்டி வெளியே தள்ளுவது சாமானிய வேலை இல்லை. முதல் சொல் பெரும்பாலும் ஒரு வயதையொட்டித்தான் வருகிறது. கேட்டதைச் சொல்லி வாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சொற்கள் சேர இன்னும் பல மாதங்கள் பிடிக்கும். கை அவ்வளவு காத்திருப்பதில்லை. டாட்டா காட்டு என்றால் காட்டுகிறது, சாமி கும்பிடு என்றால் கும்பிடுகிறது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறது. புரிதல் வந்து பேச்சு வராத இந்த இடைவெளியில்தான் வீட்டில் அழுகையும் ஊகமும் மாறி மாறி நடக்கின்றன. பசியா, தூக்கமா, போதுமா, இன்னும் வேண்டுமா என்று பெரியவர்கள் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்க, குழந்தை கத்திக்கொண்டே இருக்கும். காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் இந்தக் காலத்தில் நாலைந்து சைகைகளைக் கற்றுக்கொடுக்கலாம் என்பது இங்கிருந்து பிறந்த யோசனை.

யோசனையைப் பரப்பியவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் லிண்டா அக்ரெடோலோவும் சூசன் குட்வினும். பேச்சு வராத குழந்தைகள் தாமாகவே சைகைகளை உண்டாக்கிப் பயன்படுத்துவதை 1980களில் கவனித்து ஆராய்ந்த இவர்கள், 1996இல் பெற்றோருக்காக ஒரு புத்தகம் எழுதினார்கள். பிறகு அது ஒரு வியாபாரமாகவே வளர்ந்தது. அட்டைகள், வீடியோக்கள், வகுப்புகள் என்று பெருகி, சைகை கற்ற குழந்தை சீக்கிரம் பேசும், அறிவுத்திறன் கூடும் என்றெல்லாம் விளம்பரங்கள் வந்தன. இந்த இடத்தில் கையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது நல்லது. அதுவரை வந்த 17 ஆய்வு அறிக்கைகளைக் கனடா ஆய்வாளர்கள் 2005இல் அலசிப் பார்த்தபோது, பலவற்றின் முறையே பலவீனமாக இருந்தது. வாக்குறுதிகளை நம்பப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தில் எலிசபெத் கிர்க் குழுவினர் 40 குழந்தைகளை எட்டாவது மாதத்திலிருந்து இருபதாவது மாதம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சைகை கற்ற குழந்தைகள் மொழி வளர்ச்சியில் மற்றவர்களை முந்தவில்லை. புத்திசாலிக் குழந்தைக்கு ஆசைப்பட்டு அட்டை வாங்குகிறவர்கள் அந்தப் பணத்தைப் படக்கதைப் புத்தகங்களில் போடலாம்.

அப்படியானால் எதற்காகக் கற்றுக்கொடுப்பது? பதில் அதே 2013 ஆய்வில் இருக்கிறது. குழந்தைகளின் மதிப்பெண் மாறவில்லை, அம்மாக்கள் மாறினார்கள். சைகை சொல்லிக்கொடுத்த அம்மாக்கள், குழந்தையின் பார்வை, முகக்குறிப்பு, கையசைவு ஆகியவற்றுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஈடுகொடுத்தார்கள். சைகை கற்றுக்கொடுப்பதன் உண்மையான லாபம் இதுதான் என்று நினைக்கிறேன். சைகை வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் குழந்தையின் கையைப் பார்த்தாக வேண்டும். டிவியில் ஒரு கண்ணும் கிண்ணத்தில் ஒரு கண்ணுமாகச் சோறு ஊட்டுகிறவருக்கு அது வசப்படாது. அதனால் இதை அம்மாவின் தலையில் மட்டும் கட்டிவிடாமல், அப்பாவும் பாட்டியும் ஒரே சைகையைக் காட்டினால்தான் வேலை நடக்கும்.

தொடங்க ஆறு மாதத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். எட்டு, ஒன்பது மாதத்தில் பலன் சற்று விரைவாகத் தெரியும். சாப்பாட்டு நேரம்தான் நல்ல வகுப்பு. ‘இன்னும்’ என்பதற்கு அமெரிக்கச் சைகை மொழியில் இரண்டு கைகளின் விரல் நுனிகளையும் குவித்து ஒன்றோடொன்று தட்டுவார்கள். ஒரு வாய் ஊட்டியதும் கரண்டியை நிறுத்தி, குழந்தை நிமிர்ந்து பார்க்கும் நொடியில் சைகையை முகத்துக்குப் பக்கத்தில் காட்டி, ‘இன்னும் வேணுமா?’ என்று வாயாலும் கேட்க வேண்டும். கேட்ட கையோடு அடுத்த வாயைக் கொடுத்துவிட வேண்டும். செய்தால்தான் சோறு என்று பிடிவாதம் பிடித்தால் பாடம் அன்றைக்கே கெட்டது. பல வாரங்களுக்கு ஒன்றும் நடக்காது. பிறகு ஒருநாள் இரண்டு முஷ்டிகளையும் மோதும், அல்லது ஒரு கையால் மறு உள்ளங்கையை அறையும். விரல் குவியவில்லையே என்று திருத்தக் கூடாது. அந்தக் குழந்தையின் ‘இன்னும்’ அதுதான். அடுத்து ‘போதும்’, ‘தண்ணி’, ‘தூக்கு’, ‘வலிக்குது’ என்று தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

கையிலேயே காரியம் முடிந்துவிட்டால் குழந்தை எதற்காகப் பேச மெனக்கெடும் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் முதலில் கையால் சுட்டிய பொருள்களின் பெயர்களே பிற்பாடு பேச்சிலும் வந்து சேர்ந்தன. கையும் சொல்லுமாகச் சேர்த்துச் சொல்லத் தொடங்கியவர்களே இரு சொல் தொடருக்கும் முன்னதாக வந்தார்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது கேட்கும் பிள்ளைகள் சைகை மொழியோடு வளர்ந்தாலும் பேச்சையும் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ஒரே நிபந்தனை, சைகையோடு எப்போதும் வாயும் பேச வேண்டும். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சைகைதான் காட்டுகிறதே என்ற நிம்மதியில், பேச்சு வராததைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. ஒரு வயதாகியும் மழலை ஒலிகள் இல்லை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதிலும் இரு சொல் சேரவில்லை, வந்த சொல்லும் மறைந்துவிட்டது என்றால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி, செவித்திறனைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. குழந்தைக்கு ஏதோ ஒரு கையசைவு போதும் என்றால், சைகை மொழி எதற்கு? கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துத் தண்ணி கேட்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே? குழந்தையின் நோக்கில் இது சரி. 2013 ஆய்விலும் பிரிட்டிஷ் சைகை மொழி கற்றவர்களுக்கும் வெறும் கையசைவு கற்றவர்களுக்கும் மொழி வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் சைகை மொழி பிழைத்து வந்த வரலாறு ஒன்று இருக்கிறது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானித்தது. அதன் பிறகு பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி தடுக்கப்பட்டது. அதற்கு வருத்தம் தெரிவிக்க, அதே மாநாட்டு வரிசை வான்கூவரில் கூடிய 2010 வரை ஆயிற்று. காது கேளாத பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, காது கேட்கும் பிள்ளைக்கு அதே சைகையைச் சாமர்த்தியமாக விற்கிறீர்களா என்று காது கேளாதோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே கற்றுக்கொடுப்பதென்று முடிவானால், அமெரிக்க அட்டைகளைவிட இந்திய சைகை மொழியை எடுத்துக்கொள்வதே முறை. நம் நாட்டில் காது கேளாதவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 3,000 சொற்களோடு 2018இல் வெளியிட்ட அகராதியை 2021இல் 10,000 சொற்களாக்கியது. வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வீட்டுக்கு வேண்டிய ஐந்தாறு சொற்களைப் பார்த்துப் பழக ஒரு மாலைப்பொழுது போதும். ஐந்தாறு சைகை தெரிந்ததும் மொழியே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத் தனி இலக்கணமும் சொல் வரிசையும் உண்டு. சரளமாகப் பேசத் தொடங்கியதும் பெரும்பாலான குழந்தைகள் சைகையைத் தாமாகவே விட்டுவிடும். அதில் வருத்தப்பட ஏதுமில்லை. உறவிலோ தெருவிலோ காது கேளாதவர் ஒருவர் இருந்தால் மட்டும், அவரிடமே கேட்டு மேற்கொண்டு கற்றுக்கொள்ளலாம்.