ஓரிலையில் இரு மருந்து

வேரோடு பிடுங்கி வாயிற்படியின்மேல் தலைகீழாகக் கட்டிய கற்றாழை, மண்ணும் நீரும் இன்றித் திங்கள் கணக்கில் பசுமை மாறாது நிற்பதை நம் ஊர்களில் காணாதவர் இலர். கண்ணேறு கழியும் என்று கட்டினார்கள். அச்செடி அங்கே காட்டுவதோ வியத்தகு உடலியல். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரிவளியை உட்கொள்ளும்; அவ்வழியே நீரும் ஆவியாய் வெளியேறும். அரேபியத் தீவக்குறையின் வறண்ட மண்ணில் பிறந்த கற்றாழை பகலெல்லாம் துளைகளை அடைத்துக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இரவில் ஈட்டிய கரிவளியைப் புளிப்புப் பொருளாக மாற்றி வைத்து, மறுநாள் கதிரொளியில் அதைக்கொண்டே உணவு சமைக்கிறது. இவ்வாறு காத்த நீரின் களஞ்சியமே இலை நடுவில் உள்ள கூழ்.

அக்கூழில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீரே. எஞ்சிய சிறு பங்கில் அசெமன்னான் என்னும் நெடுந்தொடர்ச் சருக்கரை தலைமையானது. நீரைப் பிணித்து வைத்துக் கூழுக்கு வழவழப்பைத் தருவது இத்தகைய சருக்கரைகளே.

இலையைக் குறுக்கே அரிந்து நிறுத்திப் பாருங்கள். தோலின் உட்புறத்திலிருந்து மஞ்சள் நிறச் சாறு கசியும். நாவில் பட்டால் கடுங்கசப்பு. மேயவரும் விலங்குகளுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் காவல் அது. அச்சாற்றை வற்றவைத்து இறுக்கியதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம். மூசாம்பரம் என்றும் சொல்வர். அதன் வினைப்பொருளாகிய அலோயினை 1851இல் எடின்பரோவின் சிமித்து உடன்பிறந்தார் பிரித்தெடுத்தனர். அலோயின் தானே கழிச்சலை உண்டாக்குவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்தபின் பிறக்கும் பொருளே குடற்சுவரை உறுத்தி, நீரைக் குடலுக்குள் தேக்கி, மலத்தை இளக்கித் தள்ளுகிறது. நாள்தோறும் உண்டால் உடலின் பொட்டாசியம் குறைந்து நெஞ்சத் துடிப்பே தடுமாறக்கூடும்.

ஆகவே கற்றாழை ஒரு மருந்தன்று. ஓரிலைக்குள் இரு மருந்து. கூழுக்குரிய புகழைச் சாற்றுக்கும், சாற்றுக்குரிய அச்சத்தைக் கூழுக்கும் ஏற்றிப் பேசுவதே இன்றைய குழப்பங்களின் வேர் என்பேன். குமரி என்று இதற்குப் பெயரிட்ட சித்த மருத்துவம் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. தோல் சீவி எடுத்த கூழை ஏழு முறை நீரில் அலசிய பின்னரே உண்ணவேண்டும் என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் முறை. கசப்பு நீங்கக் கழுவுதல் என்றால் அலோயின் நீங்கக் கழுவுதல்.

மஞ்சள் சாறு நீக்காத முழு இலைப் பிழிவை ஈராண்டுகள் குடிநீரில் கலந்து எலிகளுக்கு அமெரிக்க அரசின் நச்சியல் ஆய்வர்கள் கொடுத்தபோது, பெருங்குடலில் கட்டிகள் தோன்றின. சுண்டெலிகளில் தோன்றவில்லை. இச்சான்றைக் கொண்டு, உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முழு இலைப் பிழிவை, மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. அது உட்கூழைப் பற்றிய தீர்ப்பு அன்று. குடிநீர்மங்களில் அலோயின் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேற்படலாகாது எனக் கற்றாழைத் தொழிலார் தமக்குள் வகுத்துக்கொண்டு, கரித்தூளால் வடிகட்டுகின்றனர். ஏழு முறை அலசிய கைகள் நாடியதும் இதையே.

இனிக் கூழின் பயன். கதிர்வீச்சால் புண்ணான தோலுக்குப் புதிய இலையை இட்டு நலம் கண்டதாகக் காலின்சு எனும் குடிப்பெயருடைய இருவர் 1935இல் அமெரிக்காவில் எழுதியதே இக்கால ஆராய்ச்சியின் தொடக்கம். அதே துறையில் 2002இல் ஆத்திரேலியாவில் கதிர்மருத்துவம் பெற்ற 225 பெண்களிடம் ஒப்பிட்டபோது, எளிய நீர்க்களிம்பு கற்றாழைக் கூழை வென்றது. தீப்புண்ணில் நிலைமை வேறு. நான்கு ஆய்வுகளை, 371 பேரை, ஒருங்கே எடைபோட்ட 2007ஆம் ஆண்டுத் தாய்லாந்துத் திறனாய்வு, கற்றாழையிட்ட புண்கள் ஏறத்தாழ 9 நாள் முன்னதாக ஆறின என்றது. ஆயினும் ஆய்வுகள் சிறியவை. முறைகளும் ஒன்றுபோல் இல்லை. மகப்பேற்று அல்லது மகளிர்நோய் வயிற்றறுவைக்குப்பின் திறந்து கிடந்த புண்களில் கூழை இட்ட 1991ஆம் ஆண்டு ஆய்விலோ, 53 நாளில் ஆறவேண்டியவை 83 நாள் பிடித்தன. மேலோட்டமான சூட்டுப் புண்ணுக்கு ஏற்றது, ஆழ்ந்த புண்ணுக்கு ஏற்றது ஆகாது.

சொரியாசிஸ் எனும் காளாஞ்சகப்படை நமக்குப் பெரும்பாடம் புகட்டுகிறது. 60 பேரைக் கொண்ட 1996ஆம் ஆண்டு ஆய்வில் கற்றாழைக் களிம்பு பூசியோருள் நூற்றுக்கு 83 பேர் தேறினர். மருந்துப்போலி பூசியோரில் நூற்றுக்கு 7 பேரே. 2005இல் தென்மார்க்கில் 41 பேருக்கு, உடலின் ஒருபுறம் கற்றாழையும் மறுபுறம் மருந்துப்போலியும் பூசிப் பார்த்தனர். கற்றாழைப் பக்கம் 72.5 விழுக்காடும் போலிப் பக்கம் 82.5 விழுக்காடும் தேறின. தோலுக்கு ஈரமே நன்மை செய்திருக்கக் கூடும். அந்த நன்மையைக் கற்றாழையின் கணக்கில் எழுதிவிடலாகாது. ஓர் ஆய்வை மட்டும் எடுத்துக்காட்டி விற்போரிடம் மற்றதைக் கேளுங்கள்.

குடற்புண் அழற்சியில் 44 பேரிடம் இலண்டனில் நடந்த 2004ஆம் ஆண்டு ஆய்வு நம்பிக்கை தருகிறது: நான்கு வாரம் கூழைக் குடித்தோருள் நூற்றுக்கு 30 பேருக்கும், போலியைக் குடித்தோருள் 7 பேருக்கும் நோய் தணிந்தது. பெரிய ஆய்வு தொடரவேண்டிய இடம் இது.

கருவுற்ற தாய்மார் இதை உட்கொள்ள வேண்டா. சருக்கரை நோய்க்கும் நெஞ்சக நோய்க்கும் மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் குடிக்க வேண்டா. வீட்டில் இலையை அரிந்தால் மஞ்சள் சாறு முற்றும் வடியும்வரை நிறுத்தி வையுங்கள். சூடுபட்ட தோலுக்கு முதலில் 20 நிமிடம் ஓடும் குளிர்நீர். அதன் பின்னரே கூழ்.