ஆங்கிலம் பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு எந்தப் படக்கதை நூல்?

பிரித்தானியாவிலும் கனடாவிலும் குடியேறும் எம்மவர் குடும்பங்களில், பிள்ளை பாடசாலைக்குச் செல்லத் தொடங்கும் முதற் சில மாதங்கள் பெற்றோருக்குப் பெருங்கவலை தருவனவாகும். வீட்டில் ஓயாது தமிழ் பேசும் பிள்ளை வகுப்பறையில் வாய் திறவாது அமர்ந்திருப்பதாக ஆசிரியர் கூறுவார். புதிய மொழியொன்றினுள் நுழையும் பிள்ளை பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், பேசாது செவிமடுத்துக்கொண்டிருப்பது இயல்பே. ஆயினும் இதனைக் கண்டு அஞ்சும் பெற்றோர் இரண்டு காரியங்களைச் செய்துவிடுகின்றனர். ஒன்று, அரிச்சுவடிகளையும் பயிற்சிப் புத்தகங்களையும் வாங்கிக் குவித்தல். மற்றையது, வீட்டில் தமிழை நிறுத்தித் தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்திற் பிள்ளையுடன் பேச முற்படுதல். முன்னையதால் விளையும் பயன் சிறிது. பின்னையதால் நேரும் இழப்போ பெரிது.

இவ்விரண்டினும் சிறந்த வழி படக்கதை நூலாகும். படத்தைப் பார்ப்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை. ஆதலால் ஆங்கிலம் அறியாத தாயும் தந்தையும் தம் பிள்ளையின் கல்வியில் நேரடியாகப் பங்குகொள்ள அது இடமளிக்கின்றது. ஆனால் கடையில் அடுக்கப்பட்டிருக்கும் நூல்கள் யாவும் இதற்கு உகந்தவை அல்ல. அவற்றுட் பல, பிறந்த நாள் முதல் ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளை எண்ணி எழுதப்பட்டவை. எனவே தெரிவிற் கவனம் வேண்டும்.

படமே கதை சொல்ல வேண்டும்

முதலிற் செய்யவேண்டிய சோதனை எளிது. நூலைக் கையில் எடுத்து, எழுத்துகளை வாசியாது படங்களை மட்டும் பார்த்துச் செல்லுங்கள். கதை உங்களுக்கு விளங்கினால் பிள்ளைக்கும் விளங்கும். பற் ஹச்சின்ஸ் 1968இல் வெளியிட்ட 'றோசிஸ் வோக்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோழியொன்று பண்ணையைச் சுற்றி உலாவச் செல்கின்றது. நரியொன்று அதனைப் பின்தொடர்கின்றது. நூல் முழுவதிலும் உள்ள சொற்கள் 32 மட்டுமே. அவற்றுள் நரியைப் பற்றி ஒரு சொல்தானும் இல்லை. நரி படும் பாடெல்லாம் படத்திலேயே உண்டு. எனவே எழுத்தை மட்டும் வாசிப்பவரிலும் பார்க்கப் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கே கதை கூடுதலாகத் தெரிகின்றது. வகுப்பில் எதுவும் புரியாது அமர்ந்திருந்த பிள்ளைக்கு இது பெருந்தெம்பு அளிக்கும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்நூலில் வேறொரு நன்மையும் உண்டு. 'வைக்கோற்போருக்கு மேலாக', 'வேலிக்கு ஊடாக' என இடங்குறிக்கும் சொல் தமிழிற் பெயருக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தில் 'ஓவர்', 'த்ரூ', 'அண்டர்' என்பன பெயருக்கு முன்னே நிற்கும். இலக்கண விளக்கம் ஏதுமின்றி, கோழி நடக்கும் வழியிலேயே பிள்ளை இதனைப் பற்றிக்கொள்ளும்.

மீண்டும் மீண்டும் வரும் வசனம்

ஒரே வசனம் பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வந்து, ஓரிரு சொற்கள் மட்டும் மாறும் நூல்கள் தொடக்க நிலைக்கு மிகவும் ஏற்றவை. பில் மார்ட்டின் எழுதி எரிக் கார்ல் படம் வரைந்து 1967இல் வெளிவந்த 'பிறவுண் பெயார், பிறவுண் பெயார், வட் டூ யூ சீ?' என்னும் நூலில் விலங்கும் நிறமும் மாறுகின்றன, கேள்வி மாறுவதில்லை. சில பக்கங்கள் கடந்ததும் பிள்ளை தானும் சேர்ந்து சொல்லத் தொடங்கும். எரிக் ஹில்லின் 'வெயார்ஸ் ஸ்பொட்?' (1980) என்பதில், காகித மடிப்புகளைத் திறந்து நாய்க்குட்டியைத் தேட வேண்டும். 'நோ' என்ற ஒரு சொல்லைக் கொண்டே பிள்ளை கதையிற் கலந்துகொள்ளலாம். பேசத் தயங்கும் பிள்ளைக்கு இதனினும் நல்ல தொடக்கம் அரிது.

எரிக் கார்லின் 'த வெரி ஹங்ரி கற்றபில்லர்' (1969) கிழமை நாட்களையும் எண்களையும் உணவுப் பெயர்களையும் ஒருங்கே தருகின்றது. 'இரண்டு பழம்' என்று நாம் பேச்சிற் சொல்லிவிடுகின்றோம். ஆங்கிலத்திலோ ஒன்றுக்கு மேற்பட்டால் பன்மை ஈறு கட்டாயம். ஒரு அப்பிள், இரண்டு பெயார்ஸ் என மயிர்க்கொட்டி தின்றுகொண்டு போகும்போது அவ்வழக்கம் செவியிற் பதிந்துவிடும்.

சொற்குறைவு மட்டும் போதாது

சொற்கள் குறைந்த நூல் யாவும் எளிதென எண்ணுதல் தவறு. டொக்டர் சூசின் 'கிறீன் எக்ஸ் அன்ட் ஹாம்' (1960) வெறும் 50 வேறுபட்ட சொற்களால் ஆனது. ஆயினும் 'வுட்', 'குட்' என்னும் வினைகள் அதில் இடைவிடாது வருவதால், ஆங்கிலம் ஓரளவு பேச வந்த பின்னரே அது சுவைக்கும். அரிச்சுவடிப் புத்தகங்களில் வரும் 'சைலபோன்' போன்ற சொற்களுக்குப் பிள்ளையின் அன்றாட வாழ்வில் வேலையில்லை. சுருக்கித் தரப்படும் பழைய தேவதைக் கதைகளிலும் வழக்கொழிந்த சொற்கள் மலிந்துள்ளன.

ஒன்பது, பத்து வயதில் வந்துசேரும் பிள்ளையிடம் மழலையர் நூலைக் கொடுத்தால் அப்பிள்ளை நாணமுறும். "தம்பிக்கு வாசித்துக் காட்டு" என்று கொடுங்கள். நாணம் நீங்கும், வாசிப்பும் நடைபெறும்.

எஸ்றா ஜாக் கீற்சின் 'த ஸ்னோவி டே' (1962) பற்றியும் குறிப்பிட வேண்டும். பீற்றர் என்னும் கறுப்பினச் சிறுவன் பனியிற் கழிக்கும் ஒரு நாளே அதன் கதை. 1963இல் அமெரிக்காவின் கல்டெகொட் பதக்கம் பெற்ற இந்நூலில், வெள்ளையரல்லாத பிள்ளையொன்று இயல்பாக விளையாடித் திரிவதைக் காண்பது எம் பிள்ளைகளுக்கு நன்று. பனிக்கட்டியைச் சட்டைப் பையிலிட்டு, அது காணாமற் போனதும் பீற்றர் கொள்ளும் துயரம், முதற் பனிகாலத்தைக் காணும் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

தமிழிற் பேசுங்கள்

நூலைத் தெரிந்தெடுத்த பின், முதன்முறை படங்களைப் பற்றித் தமிழிலேயே உரையாடுங்கள். நரி எங்கே ஒளிந்திருக்கின்றது, அடுத்து என்ன நடக்கும் எனக் கேளுங்கள். கதையைத் தமிழில் அறிந்துகொண்ட பிள்ளை, அதே கதையை ஆங்கிலத்திற் கேட்கும்போது சொற்களுக்கு மட்டும் உழைத்தாற் போதும். ஆங்கிலம் வாசிக்க இயலாத பெற்றோர், பாடசாலை செல்லும் மூத்த பிள்ளையைக் கொண்டு வாசிப்பிக்கலாம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும்படி வற்புறுத்த வேண்டாம். ஒரே நூலைப் பத்து முறை கேட்டாலும் சலிப்புக் காட்ட வேண்டாம். அத்திரும்பலிலேயே மொழி படிகின்றது.

இவற்றையெல்லாம் பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிரித்தானியாவின் உள்ளூர் நூலகங்களிலும் ரொறன்ரோ பொது நூலகத்திலும் பிள்ளைகள் கட்டணமின்றி அங்கத்தவராகலாம். இலண்டனில் உள்ள மந்திரா லிங்குவா நிறுவனம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த இருமொழி நூல்களை வெளியிடுகின்றது. உங்கள் நூலகத்தில் அவை உண்டா எனக் கேட்டுப் பாருங்கள்.

பாடசாலை ஆங்கிலத்தைக் கற்பிக்கும். அது அதன் கடமை. கதையொன்றைத் தமிழிற் பேசிச் சிரிக்கும் வாய்ப்பைப் பெற்றோரே அளிக்க முடியும். ஆதலால் வரும் சனிக்கிழமை பிள்ளையை நூலகத்துக்கு அழைத்துச் சென்று, மேற்கூறிய நூல்களில் ஒன்றையேனும் எடுத்து வாருங்கள்.