மண்ணுக்குள் ஒரு காவலன்

மின்சாரம் நம் இல்லங்களில் விளக்கேற்றுகிறது, மாவரைக்கிறது, துணி துவைக்கிறது. இப்பணிகள் எதிலும் பங்குபெறாமல், நம் உயிரைக் காப்பதற்கென்றே காத்திருக்கும் கம்பி ஒன்று உண்டு. அதுவே எர்த் கம்பி எனப்படும் புவித்தொடர்புக் கம்பி.

நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றின் கொல்லையில், நாகம் பூசிய இரும்புக் குழாய் ஒன்று கரியும் உப்பும் சூழப் புதைக்கப்பட்டிருக்கும். மீட்டர் பலகையிலிருந்து அக்குழாய்க்குச் செல்வது பிரதான எர்த் கம்பியாகும்.

கிரைண்டரின் உட்கம்பி ஒன்று பழுதுற்று, அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டது எனக் கொள்வோம். அம்மின்சாரம் மண்ணுக்குச் சென்று திரும்பும் வழியின் மொத்தத் தடை 5 ஓம் எனில், 230 வோல்ட்டை 5-ஆல் வகுக்க, 46 ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் பியூஸ் உடனே உருகி ஆபத்தை நீக்கிவிடும். கம்பி துருவேறித் தடை 100 ஓம் ஆகிவிட்டால் 2.3 ஆம்பியரே பாயும். பியூஸ் உருகாது. கிரைண்டரைத் தொடுபவரின் கதி என்னவாகும்?

ஆகவே இக்கம்பியின் பருமன் முக்கியமானது. பல பழைய வீடுகளில் 8 கேஜ் இரும்புக் கம்பியே காணப்படுகிறது. அதன் விட்டம் சுமார் 4 மி.மீ.; குறுக்குப் பரப்பு சுமார் 13 சதுர மி.மீ. செம்பாயின் 6 சதுர மி.மீ.க்கும், இரும்பாயின் 50 சதுர மி.மீ.க்கும் குறையலாகாது என்பது இன்றைய பன்னாட்டு மின் விதி. இரும்புக்கு ஏன் இத்தனை பருமன்? அது செம்பைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். ஈர மண்ணில் துருப்பிடித்து ஆண்டுதோறும் தேயவும் செய்யும். மெல்லிய கம்பி விரைவில் அற்றுப்போகும்.

மின்சாரம் வரும் கம்பி அறுந்தால் விளக்கு அணைந்து நமக்கு அறிவித்துவிடும். எர்த் கம்பி அறுந்தாலோ விளக்கும் எரியும், விசிறியும் சுழலும். நமக்கு ஒன்றும் தெரியாது. இதுவே பெரிய ஆபத்து.

எனவே பழைய வீட்டில் புதிய சாதனம் வாங்குமுன், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் கம்பியின் பருமனையும், இணைப்புகளையும், தடையையும் சோதிக்கச் செய்வோம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியையும் பொருத்தச் சொல்வோம். கோடையில் எர்த் குழிக்கு நீர் ஊற்றுவோம். மாணவியராகிய நாம் கம்பியைத் தொட வேண்டாம். பெற்றோருக்கு நினைவூட்டினால் போதும். கண்ணுக்குத் தெரியாத காவலனையும் கவனிப்பது நம் கடமையன்றோ?