பெரியத்தாயின் வீடும் பேரனின் ஆங்கிலமும்

சுங்கை பட்டாணியிலிருந்து பழைய சாலையில் குரூண் பக்கம் போகிறவர்கள் பீடோங் பட்டணத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார்கள். கெடா மாநிலத்தின் அந்தச் சிறிய ஊர்தான் கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவலின் களம். நூல் வெளிவந்த ஆண்டு 1981. மணியம் 1942-இல் பீடோங்கில் பிறந்தவர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், 2020-இல் காலமானார். மலேசிய ஆங்கில இலக்கியம் என்று பேச்செடுத்தால் முன்வரிசையில் வரும் பெயர். ஆனால் நம் இளையர்களிடம் கேட்டால், பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

நாவலின் முற்பகுதியை மட்டுமே இதுவரை படித்திருக்கிறேன். முழு விமர்சனம் எழுத இது போதாது. ஆனாலும் அந்தச் சில அத்தியாயங்களே மனத்தை விட்டு அகல மறுக்கின்றன. அதற்குக் காரணம் ஒரு பாட்டி.

அவர் பெயர் பெரியத்தாய். கதை சொல்லும் ரவியின் அப்பாவைப் பெற்றவர். இந்தியாவிலிருந்து மூன்று மகன்களுடன் கப்பலேறி வந்து, பீடோங்கின் செம்மண் பாதை ஓரத்தில் தனி மனுஷியாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறார். துணிமணிகளைச் சுமந்து விற்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்து, தாம் விட்டு வந்த ஊர் வீட்டின் நினைப்பில் ஒரு வீடும் கட்டிவிடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டின் முகமே மாறிவிடும். நடராசர் சிலை, குத்துவிளக்கு, சந்தனம், அதன் பிறகு பேரப்பிள்ளைகளுக்குப் பழங்கதைகள். வாரம் முழுக்க உழைத்துக் களைத்த பெண் அந்த ஒரு நாளில் வேறொருவராகத் தெரிகிறார். இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட என்னால் முடியவில்லை.

பிறகு நகராண்மையிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. வீடு நிற்கும் நிலத்துக்குப் பத்திரம் இல்லை. குடியிருப்பதற்குத் தற்காலிக உரிமமும் இல்லை. இத்தனை ஆண்டு உழைத்த மண் தம்முடையதுதான் என்று பெரியத்தாய் நம்பியிருந்தார். அரசாங்கத்துக்கு அந்த நம்பிக்கை ஒரு கணக்கே அல்ல. அதற்குத் தேவை ஒரு தாள். அவர் இறப்பது 1958-இல். அதாவது நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டில்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தற்காலிகக் குடியிருப்பு உரிமம் இன்றும் நம் நாட்டில் உண்டு. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி அது அந்தந்த ஆண்டின் இறுதியோடு காலாவதியாகும். மீண்டும் புதுப்பிக்க வேண்டும். தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கோ அதுகூட இல்லை. வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால், எந்தத் தோட்டம், எந்த ஆண்டில் வெளியேறினார்கள், கையில் என்ன கொண்டு வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரியத்தாயைப் புரிந்துகொள்ள அகராதியைவிட அந்தப் பேச்சு உதவும்.

நாவலில் பாட்டியின் வீட்டுக்கு இணையாக இன்னொரு கதை ஓடுகிறது. ரவியின் அப்பா மருத்துவமனை சலவைக்கூடத்தில் வேலை செய்யும் தோபி. பிள்ளைகள் அவரை 'நைனா' என்று அழைக்கிறார்கள். (நம் நாட்டில் சில குடும்பங்களில் இன்னும் கேட்கும் சொல் இது. ஆங்கில நாவலின் நடுவே பார்த்ததும் யாரோ தெரிந்தவரைச் சந்தித்தது போல இருந்தது.) முதலில் தமிழ்ப்பள்ளிக்குப் போன ரவியை நைனா ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கிறார். அங்கே மிஸ் நான்சி என்ற ஆசிரியை. அவர் சொல்லும் தேவதைக் கதைகளும், சுத்தம் பற்றிய அவருடைய கண்டிப்பும் சிறுவனை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்கின்றன. பாட்டியின் வெள்ளிக்கிழமைக் கதைகள் இருந்த இடத்தில் வேறொரு தேசத்தின் காடுகளும் அரண்மனைகளும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

ரவியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தமிழ்ப்பள்ளி அன்றும் தொடக்கக் கல்வியோடு முடிந்தது. மேலே படித்து, சலவைக்கூடத்தைத் தாண்டிய ஒரு வேலைக்குப் போக அன்று ஆங்கிலம்தான் வழி. 1970 முதல் ஆங்கில வழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. ஆனால் தாவ வேண்டிய தாவல் மாறவில்லை. ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்துவிட்டு, புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ வேறு மொழியில் உட்கார்ந்த மாணவருக்கு ரவியின் முதல் நாள் கூச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ரவியிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆங்கிலம் ஏற ஏற, அவன் தன் குடும்பத்தைப் பார்க்கும் பார்வையில் ஒரு குளிர்ச்சி படிகிறது. நைனாவை அவன் தூரத்தில் நின்று கவனிக்கிறான், பக்கத்தில் போய் உட்காருவதில்லை. சில இடங்களில் புத்தகத்தை மூடிவிட்டு, "உன் படிப்புக்கு வழி பண்ணியவரே அவர்தானே, தம்பி!" என்று சொல்லத் தோன்றியது. மணியம் வேண்டுமென்றேதான் இப்படி எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். ரவியை நல்ல பிள்ளையாகக் காட்ட அவர் மெனக்கெடவே இல்லை. நம் மேடைகளில் வழக்கமாகக் கேட்கும் 'ஏழை மகன் படித்து முன்னேறினான்' கதையைவிட இது நம்பும்படி இருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. பெரியத்தாய் தமிழில்தான் கதை சொன்னார். பாட்டியிடமிருந்து பேரனைப் பிரித்த அதே ஆங்கிலத்தின் வழியாகத்தான் இன்று நாம் அவரைச் சந்திக்கிறோம். சில உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் அடியில் தமிழ் வாக்கியம் நெளிவது கேட்கிறது. ஆசிரியர் அதை முழுக்கத் துடைத்துவிடவில்லை.

நடை எளிதன்று. உவமைகள் அடர்ந்த பத்திகள் உண்டு. ஐந்தாம் படிவ மாணவர்கள் சில பக்கங்களை இரண்டு முறை படிக்க நேரலாம். முதல் அத்தியாயத்தை மட்டுமாவது ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். ஆறாம் படிவத்திலும் பல்கலைக்கழகத்திலும் இலக்கியம் படிப்பவர்கள், சயாம் மரண ரயிலையும் தோட்டங்களையும் பற்றி நம் எழுத்தாளர்கள் தமிழில் எழுதிய நாவல்களோடு இதையும் அருகில் வைத்துப் படிக்கலாம். ஒரே வாழ்க்கையை இரு மொழிகள் எப்படி எப்படிச் சொல்கின்றன என்று ஆராய நல்ல தலைப்பு கிடைக்கும்.

நான் நிறுத்தியிருக்கும் இடத்தில் பெரியத்தாய் இல்லை. நைனா மருத்துவமனைக் குடியிருப்பில் இருக்கிறார். அதுவும் வேலையோடு ஒட்டிய வீடுதான். அம்மாவுக்குக் கிடைக்காத நிலம் அவர் மனத்தைக் குடையத் தொடங்கியிருக்கிறது. மகனோ சீமைக் கதைகளில் மூழ்கியிருக்கிறான். மீதிப் பக்கங்களை இந்த வாரக் கடைசியில் படிக்கப் போகிறேன்.