கத்திரி வெயிலில் நிற்பதே வேகம்

மேசைக்கு அடியில் ஓர் எஞ்சின் – 9

மார்கழி மாதம், இரவு பதினொரு மணி. திருவொற்றியூர் வீட்டின் ஜன்னல் வழியே வாடைக்காற்று வந்துகொண்டிருந்தது. என் கம்ப்யூட்டரின் ரைசன் 5 3600 பிராசஸர், ஆறு கோர்களும் 4.2 கிகாஹெர்ட்ஸில், இரண்டு மணி நேரம் பிசகாமல் ஓடி முடித்தது. அறை 25 டிகிரி, பிராசஸர் 79. ஜெயித்தாயிற்று என்று படுத்துத் தூங்கிவிட்டேன்.

மே மாதம், பிற்பகல் இரண்டு மணி. அக்கா மகளின் காதுகுத்து வீடியோவை ரெண்டர் போட்டிருந்தேன். முக்கால்வாசி முடிந்திருந்த நேரத்தில் திரை இருண்டு, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. ஐந்து மாதமாக ஒரு செட்டிங்கைக்கூட நான் தொடவில்லை.

சென்ற வாரம் மல்டிபிளையர் கணக்கைப் பார்த்தோம். அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதை 42-ஆல் பெருக்கினால் 4.2 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் அந்த எண்ணை ஏற்ற இரண்டு நிமிடம் போதும். ஏற்றியது நிலைத்து நிற்க வேண்டுமே, அதுதான் இந்த வாரப் பாடு.

ரிச்சி தெருவில் எவ்வளவு பெரிய ஏர் கூலர் வாங்கி மாட்டினாலும், அது பிராசஸரை அறையைவிடக் குளிர்ச்சியாக்காது. ஒரே வேலைக்கு, அறையின் சூட்டுக்கு மேல் ஏறக்குறைய அதே அளவு சூடு ஏறும். எனக்கு அது 54 டிகிரி. மார்கழியில் 25-உம் 54-உம் சேர்ந்து 79. மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை 37 டிகிரி, ஆக 91. கடற்காற்று வரத் தாமதமாகும் நாட்களில் இன்னும் மோசம். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை நினைவில் வையுங்கள். இந்தச் சிப்புக்கு 95 டிகிரி வரை அனுமதி உண்டே என்று கேட்கலாம். அது கம்பெனி வைத்த வேகத்துக்கான உறுதிமொழி. நாம் ஏற்றிய வேகத்துக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை. சிலிக்கான் சூடாகச் சூடாக, அதே வேகத்தில் ஓட அதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். குளிரில் போதுமாக இருந்தது வெயிலில் போதாமல் போகும்.

அப்படியானால் வோல்டேஜைக் கூட்டிவிடலாமே? பலரும் வழுக்குவது இங்கேதான். பிராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேராக ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கமாக ஏறும். 1.25 வோல்ட்டில் 4.0-ல் ஓடுவதை 1.35 வோல்ட் கொடுத்து 4.2-க்குக் கொண்டுபோனால், வேகம் 5 சதவீதம்தான் கூடும். சூடோ சுமார் 22 சதவீதம் கூடும். அந்தச் சூட்டுக்கு மறுபடி வோல்டேஜ் கேட்கும். கந்துவட்டிக் கணக்குதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். புல்லட் தயாரித்த ஊர் இது. அவரும் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களோடு வயதானவர். என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஸ்டாண்டுல நிக்க வச்சு முறுக்கினா எந்த வண்டியும் கத்தும் தம்பி. ரெண்டு பேரை ஏத்தி வெயில்ல பாலம் ஏத்திப் பாரு, அப்ப தெரியும்.”

கம்ப்யூட்டருக்குப் பாலம் ஏற்றுவது பிரைம்95. மிகப் பெரிய பகா எண்களைத் தேட 1996-ல் தொடங்கிய கூட்டு முயற்சியின் மென்பொருள் அது. அதில் உள்ள சோதனை, விடை தெரிந்த கணக்குகளை பிராசஸருக்குக் கொடுத்து, வந்த விடையைச் சரிபார்க்கும். 0.4-க்குள் இருக்க வேண்டிய பின்னப் பிழை 0.5 என்று வந்தால், அந்தக் கோரின் வேலை அங்கேயே நின்றுவிடும். திரை அணையாது, நீலத் திரையும் வராது. ஒரு வரி மட்டும் தெரியும். கம்ப்யூட்டர் விழுந்தால்கூடப் பரவாயில்லை, நமக்குத் தெரிந்துவிடும். விழாமலே தப்புக் கணக்குப் போட்டால், ஒரு ஜிப் ஃபைல் என்றோ திறக்காமல் போகும்போதுதான் தெரியும்.

முறை இதுதான். முதலில் பயாஸின் பழைய எண்களை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் வேகத்தை ஏற்றியிருந்தால் இறக்கிவையுங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாது. வோல்டேஜை ஓர் இடத்தில் நிறுத்தி, வேகத்தை 25 அல்லது 50 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் அரை மணி நேரம் சோதனை. தப்பு வந்தால் வோல்டேஜைச் சிறிது கூட்டலாம். சூடு 85-ஐத் தாண்டினால் கூட்டாதீர்கள், வேகத்தை இறக்குங்கள். நின்ற இடத்திலிருந்து ஒரு படி கீழே வந்து, அங்கே இரவு முழுக்க ஓட்டுங்கள். பிறகு விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூ.எச்.இ.ஏ. என்ற பெயரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால், விழவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், அது எச்சரிக்கை.

இன்னொரு நுணுக்கம். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் நம் வீட்டு பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மதர்போர்டுக்குள்ளும் அதே கதைதான். எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்கினால் வோல்டேஜ் கொஞ்சம் படுக்கும். அதைத் தாங்கிப் பிடிக்க, லோட் லைன் காலிபரேஷன் என்றொரு செட்டிங் உண்டு. நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால், வேலை முடிந்து சுமை இறங்கும் நொடியில் வோல்டேஜ் எகிறும்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு தனிப் பாடமும் உண்டு. ராயபுரம் வீடுகளின் தரையில் படிந்த கரியை மறந்திருக்க மாட்டோம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நிலக்கரி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூர்ப் பக்கம் போனது. எங்கள் பக்கம் லாரித் தூசி ஓயவில்லை. மே மாதம் கூலரைக் கழற்றியபோது, தகடுகளுக்கு நடுவே கம்பளி போலக் கறுப்புத் தூசி அடைத்திருந்தது. திருகுகளில் உப்புக் காற்றின் துரு. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதி, தெர்மல் பேஸ்ட் மாற்றியதும் 5 டிகிரி இறங்கியது.

இவ்வளவும் எதற்கு? 1998-ல் வந்த செலரான் 300ஏ-வில், பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடியது. பாதிக்குப் பாதி இலவசம். இன்று அந்த மிச்சத்தைக் கம்பெனிகளே பூஸ்ட் என்ற பெயரில் பிழிந்து எடுத்துவிடுகின்றன. அளவு மீறினால் அவர்களும் தப்புவதில்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பல, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே தடுமாறின. காரணங்களில் ஒன்று அதிக வோல்டேஜ். 2024-ல் இன்டெல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. நாமே ஏற்றிக் கெடுத்தால் அந்த வாரண்டியும் கிடையாது.

என் பிராசஸர் இப்போது 4.1-ல், 1.275 வோல்ட்டில் ஓடுகிறது. மார்கழியில் ஜெயித்த எண்ணைவிட 100 மெகாஹெர்ட்ஸ் குறைவு. போன கத்திரி முழுக்க ஒரு முறைகூட விழவில்லை.

நீங்கள் சோதனை செய்யும் நாளில் வேகத்தோடும் வோல்டேஜோடும் அறைச் சூட்டையும் ஒரு தாளில் எழுதி, கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். தை மாதத்தில் செய்தால், வந்த சூட்டோடு பன்னிரண்டு டிகிரி கூட்டிக்கொண்டு முடிவெடுங்கள்.

(அடுத்த வாரம்: ரேம்)